அக்டோபர் பனியும் இனுவிக் பிள்ளைகளும்

பனிச்சறுக்குன்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ஜேம்ஸ் பாண்ட் படம்தான். மலை உச்சியிலிருந்து ஒருத்தன் சர்ர்ருன்னு இறங்குவான், பின்னாடியே நாலு பேர் துப்பாக்கியோட துரத்துவாங்க. அது ஆல்பைன் வகை. மேலே போக லிஃப்ட் இருக்கும், கீழே வர புவியீர்ப்பு விசை இருக்கும். காசு இருந்தா போதும் :-)

நான் எழுதப் போவது இன்னொரு வகையைப் பற்றி. கிராஸ் கன்ட்ரி. இதில் லிஃப்ட் கிடையாது. ஏற்றம் வந்தால் நீங்களேதான் ஏறணும். ஸ்கீ பட்டை மெல்லிசா, நீளமா இருக்கும். பூட்ஸின் முன்னங்கால் மட்டும் பட்டையோடு இணைந்திருக்கும், குதிகால் தூக்கிக்கொள்ளலாம். இரண்டு கையிலும் ஊன்றுகோல். கால், கை, முதுகு, வயிறு என்று எல்லாத் தசையும் சேர்ந்து வேலை செய்யும். பந்தயம் முடியும் கோட்டைத் தாண்டியதும் வீரர்கள் பொத்துன்னு பனியில் விழுந்து கிடப்பதை டிவியில் பார்த்திருப்பீங்க. அது நடிப்பு இல்லை மக்களே, நிஜமாகவே எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது.

எட்மண்டனுக்கு வந்து மூணாவது குளிர்காலம். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நண்பன் ஒரு ஜூனியர் அணிக்கு உதவிப் பயிற்சியாளன். 14 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பசங்களும் பொண்ணுங்களும். அக்டோபர் வந்தால் இவன் புலம்ப ஆரம்பிச்சுடுவான். "பனி இல்லை, பனி இல்லை." எனக்கு இது முதலில் காமெடியாக இருந்தது. குளிரில் விரல் விறைச்சுப் போகுது, இவன் பனி பத்தலைன்னு அழறான்! அப்புறம்தான் புரிந்தது. முதல் பந்தயங்கள் டிசம்பர் வாக்கில் வந்துவிடும். அதற்குள் கால்கள் பனிக்குப் பழகியிருக்கணும். கோடை முழுக்க தார் ரோட்டில் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் ஓடியிருப்பார்கள், மலை ஏறியிருப்பார்கள். ஆனால் ரோலர் ஸ்கீயில் எவ்வளவு ஓடினாலும் பனியின் வழுக்கல் வேறு. உடம்பு அதை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் நிதானமாக, நீண்ட தூரம், மணிக்கணக்கில் பனியில் ஓடி ஓடித்தான் அது வரும்.

அதனால் அக்டோபரில் வேனில் பட்டைகளை அடுக்கிக்கொண்டு கான்மோர் போவார்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கிற்காகக் கட்டின நார்டிக் மையம் அங்கே இருக்கிறது. முந்தின குளிர்காலத்துப் பனியை மலை மாதிரிக் குவித்து, மேலே மரத்தூள் போட்டு மூடி, கோடை முழுக்கப் பாதுகாத்து, அக்டோபர் நடுவில் எடுத்துப் பாதை போட்டுக் கொடுப்பார்கள். 2009-லிருந்து நடக்கிறது. ஐஸ் கட்டியை மரத்தூளில் வைத்துக் காப்பாற்றும் பழைய டெக்னிக்தான், ராட்சச அளவில். அந்தச் சின்ன வட்டப் பாதையில் தேசிய அணி வீரர்களும் பதினாலு வயசுப் பசங்களும் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சுற்றிலும் காட்டில் புல் பழுப்பாகக் கிடக்கும், நடுவில் ஒரு வெள்ளை ரிப்பன்.

இதை நண்பன் சொன்னபோதுதான் ஒரு கேள்வி வந்தது. இந்த நாட்டில் அக்டோபரிலேயே இயற்கையாகப் பனி கொட்டிக் கிடக்கும் ஊர்கள் வடக்கே இருக்கின்றனவே, அங்கேயிருந்து யாரும் வரலையா? வந்தார்கள். ஒரு காலத்தில் கனடாவின் தேசிய அணியையே கிட்டத்தட்ட ஒரே ஊர் நிரப்பியது. அந்தக் கதையைத் தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகிவிட்டது. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்க.

அந்த ஊர் பேர் இனுவிக். மெக்கன்சி ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கும் கழிமுகத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே. எட்மண்டனிலிருந்து பறவை பறக்கும் கணக்கில் சுமார் 2,000 கிலோமீட்டர். டிசம்பர் முதல் வாரத்தில் சூரியன் கீழே போனால் ஜனவரி முதல் வாரத்தில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். நடுவில் ஒரு மாசம் மத்தியான வேளையில் கொஞ்சம் மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். மைனஸ் 30 சாதாரணம், மைனஸ் 40 வந்தாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இனுவிக் பழைய ஊர் இல்லை. பக்கத்தில் அக்லாவிக் என்ற ஊர் இருந்தது. அங்கே வெள்ளம், கரை அரிப்பு. சரி, மொத்த ஊரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஒட்டாவாவில் உட்கார்ந்து முடிவு எடுத்தார்கள். 1950களின் நடுவில் இடம் பார்த்து, காகிதத்தில் வரைபடம் போட்டு, நிரந்தரமாக உறைந்த மண்ணில் தூண் நட்டு, அதன்மேல் கட்டடங்களைத் தூக்கி வைத்து, 1961-ல் பிரதமர் டீஃபன்பேக்கர் வந்து திறந்து வைத்தார். (அக்லாவிக் மக்களில் பலர் "நாங்க வரலை, போங்கய்யா" என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. அரசாங்கம் போட்ட திட்டத்துக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?)

புது ஊரில் பள்ளிக்கூடம் வந்தது. கூடவே 1959-ல் இரண்டு பெரிய விடுதிகள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு க்ரோலியர் ஹால், ஆங்கிலிக்கன் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிங்கர் ஹால். கழிமுகத்திலும் ஆர்க்டிக் கரையிலும் சிதறியிருந்த குவிச்சின், இனுவியலுயிட், டெனே, மேட்டி குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள்.

'விடுதி' என்று எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. நமக்கு ஹாஸ்டல் என்றால் மெஸ் சாம்பாரைத் திட்டுவதும், வார்டனுக்குத் தெரியாமல் செகண்ட் ஷோ போவதும்தான் நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. ஐந்து ஆறு வயசுப் பிள்ளையை, அப்பா அம்மா வேட்டைக்கும் பொறி வைக்கவும் நிலத்தில் அலைந்து வாழ்கிற குடும்பத்திலிருந்து பிரித்து, வருஷத்தில் பத்து மாசம் அடைத்து வைத்து, தாய்மொழியை மறக்கடித்து, 'கனடியனாக' மாற்றுவது. நாடு முழுக்க 150,000-க்கும் மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் இப்படி விடுதிப்பள்ளிகளுக்குப் போனார்கள். க்ரோலியர் ஹாலைப் பொறுத்தவரை இன்னும் மோசம். அங்கே பணியாற்றிய சிலர் பிள்ளைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காகப் பின்னாளில் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். இதைச் சொல்லாமல் ஸ்கீ கதையை மட்டும் சொன்னால் அது பொய்.

இனி பாதிரியார் மூஷே. ழான் மரி மூஷே, 1917-ல் பிரான்சில் பிறந்தவர். ஜூரா மலைப்பக்கம், அதாவது பிள்ளைகள் ஸ்கீ போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பகுதி. ஒப்லேட் சபைப் பாதிரியாராகி, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கனடாவுக்கு வந்தார். 1950களின் நடுவில் யூகான் பகுதியில் ஓல்ட் க்ரோ என்ற சின்ன குவிச்சின் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ரோடு கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லையென்றால் ஆறு.

அங்கே அவர் கவனித்தது ஒரு விஷயம். ஒரு தலைமுறை முன்னால் நாய்வண்டியோடு நாள் முழுக்க ஓடி, பனிக்காலணி போட்டுக்கொண்டு பொறி பார்க்கப் போன மக்கள், இப்போது அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்கு வேலை இல்லை, இளைஞர்களுக்குச் செய்ய எதுவுமில்லை. கொஞ்ச நாளில் ஸ்னோமொபைலும் வந்து நடையும் நின்றுவிடப் போகிறது. நிலத்தில் வாழ்ந்தபோது உடம்பில் இருந்த தாங்கும் சக்தியை வேறு எதிலாவது கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்தது ஸ்கீ. ஆரம்பித்துவிட்டார். அந்தக் கிராமத்திலிருந்து மார்த்தா பெஞ்சமின் என்ற பெண், அதுவும் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 1963-ல் கனடாவின் தேசிய சாம்பியன் ஆனார். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஊர்!

இங்கே ஒரு இடைச்செருகல். "பனியிலேயே பிறந்தவங்க, அவங்களுக்கு ஸ்கீ இயல்பா வரும்" என்று நினைப்பது சுலபம். எனக்கு இந்த மாதிரி விளக்கங்களைக் கண்டாலே எரிச்சல். வட அமெரிக்கப் பழங்குடிகளின் பாரம்பரிய வாகனம் பனிக்காலணியும் நாய்வண்டியும்தான். ஸ்கீ ஐரோப்பாவிலிருந்து வந்த பொருள். இந்தப் பிள்ளைகள் அதை அடிப்படையிலிருந்து கற்றார்கள், எல்லாரையும் போல விழுந்து எழுந்து. 'இயல்பாக வரும்' என்று சொன்னால் அவர்கள் இருட்டில் ஓடின ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கணக்கில் வராமல் போய்விடும்.

1960களின் நடுவில் மூஷே இனுவிக்குக்கு வந்தார். விடுதிகளில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். 1967-ல் மத்திய அரசின் பணத்தோடு திட்டம் ஆரம்பமானது. பெயர்: பிரதேசப் பரிசோதனை ஸ்கீ பயிற்சித் திட்டம். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'டெஸ்ட்' என்று வரும். வேண்டுமென்றே வைத்தார்களா தெரியாது, ஆனால் பொருத்தம். ஸ்கீயில் ஜெயிப்பது இரண்டாம் பட்சம். கஷ்டமான ஒரு காரியத்தில் பிள்ளைகளை ஈடுபடுத்தினால் அவர்களுக்குத் தன்னம்பிக்கை வருமா, படிப்பிலும் வாழ்க்கையிலும் மாற்றம் தெரியுமா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. அரசாங்கத்தின் அகராதியில் 'மாற்றம்' என்றால் வெள்ளைக்கார சமூகத்தோடு கலந்துவிடுவது. மூஷேயின் அகராதியில் அப்படி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பயிற்சியாளராக நார்வேயில் பிறந்த பியோர்கர் பெட்டர்சன் வந்தார். பின்னால் இவரே தேசிய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார்.

சீசன் ஆரம்பத்தில் இனுவிக் பிள்ளைகளுக்கு இருந்த நிலைமை, என் நண்பனின் அணிக்கு அப்படியே தலைகீழ். தெற்கே பனிக்குக் காத்திருப்பார்கள். இனுவிக்கில் அக்டோபரிலேயே பனி விழுந்து நிலைத்துவிடும், அப்புறம் மே வரைக்கும் கவலையில்லை. ஏழு மாசம் பனி. இன்றைக்கு எந்தப் பயிற்சியாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார்!

ஆனால் மூன்று சிக்கல். முதலாவது இருட்டு. நவம்பரில் பள்ளிக்கூடம் விடுவதற்குள் வெளிச்சம் போய்விடும், டிசம்பரில் வெளிச்சமே வராது. ஆக பயிற்சி இருட்டில்தான்.

இரண்டாவது, குளிரில் பனியே மாறிப்போகும். இதைக் கொஞ்சம் விளக்கணும். ஸ்கீ ஏன் வழுக்குகிறது? பட்டை உரசும் இடத்தில் பனியின் மேல்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது, அதன்மேல்தான் வழுக்குகிறோம். வெப்பநிலை மிகவும் கீழே போனால் அந்தப் படலம் சரியாக உண்டாகாது. பனித்துகள் ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்கும். மைனஸ் 30-ல் ஸ்கீ போவது மணலில் போவது மாதிரி. தள்ளித் தள்ளித்தான் ஒவ்வொரு அடியும். இன்றைய சர்வதேச விதிப்படி மைனஸ் 20-க்குக் கீழே போனால் பந்தயம் நடத்தக் கூடாது. இனுவிக்கில் அந்த விதியைப் பயிற்சிக்கும் வைத்திருந்தால் பிள்ளைகள் ஜனவரி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தக் காலத்துப் பட்டை மரத்தால் ஆனது. அடிப்பக்கம் தார் பூசிச் சூடு காட்டணும், அதன்மேல் அன்றைய பனிக்கு ஏற்ற மெழுகு. கடும் குளிருக்குப் பச்சை, கொஞ்சம் தணிந்தால் நீலம், உருகும் பக்கம் வந்தால் சிவப்பு என்று வண்ணக் கணக்கு. மெழுகு தப்பினால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும், இல்லையென்றால் பனி பட்டையோடு ஒட்டிக்கொண்டு கட்டை கட்டையாகத் தொங்கும். ஃபைபர்கிளாஸ் பட்டைகள் உலகப் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தது 1974-லிருந்துதான்.

மூன்றாவது சிக்கல்தான் பெரிசு. தூரம். பனி இருக்கிறது, போட்டி போட ஆள் இல்லை. ஒரே இருபது முப்பது பேர் தங்களுக்குள்ளேயே எத்தனை நாள் ஓடுவார்கள்? இனுவிக்கைத் தெற்கோடு இணைக்கும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை திறந்ததே 1979-ல்தான். அதற்கு முன்னால் வேனும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் விமானம். பட்டைகள், ஊன்றுகோல்கள், மெழுகுப் பெட்டி, பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லாம் விமானத்தில் ஏறி 2,000 கிலோமீட்டர் தெற்கே வந்து, அங்கேயிருந்து மறுபடி பயணம். அரசாங்கப் பணம் இல்லாமல் இது ஒரு சீசன் கூடத் தாங்கியிருக்காது. இங்கே என் நண்பனின் அணி கான்மோர் போகும் நாலு மணி நேரப் பயணத்துக்கே பெற்றோர்கள் கேக் விற்றுக் காசு சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இனுவிக் திட்டம் எவ்வளவு அசாதாரணம் என்று தெரியும், எவ்வளவு சுலபமாக உடையக்கூடியது என்றும் தெரியும்.

பயணம் அந்தப் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, வரிசையில் நின்று வாழும் பிள்ளை. ஸ்கீ அணியில் இடம் கிடைத்தால் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே, காட்டுக்குள். நன்றாக ஓடினால் விமானம் ஏறி வேறு ஊர். க்ரோலியர் ஹாலில் வளர்ந்து ஜூனியர் தேசிய சாம்பியனான ஆங்கஸ் காக்னி தன் விடுதி நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2011-ல் இனுவிக்குக்கே போய் சாட்சியம் கேட்டது. நாடு முழுக்க அந்த ஆணையத்தின் முன்னால் பேசியவர்களில், விளையாட்டு மட்டும் இல்லையென்றால் விடுதியில் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு பிள்ளை வேகமாக ஓடுவதற்குக் காரணம் பதக்க ஆசை மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் ஷரன் ஃபர்த், ஷர்லி ஃபர்த். இரட்டையர். 1953 டிசம்பர் 31-ந் தேதி அக்லாவிக்கில், பொறி வைத்துப் பிழைத்த குவிச்சின் குடும்பத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதிலேயே நிலத்தில் வேலை செய்து பழகினவர்கள். இவர்களும் விடுதிப்பள்ளி வாழ்க்கையைக் கண்டவர்கள். பதின்மூன்று பதினாலு வயதில் டெஸ்ட் திட்டத்தில் சேர்ந்தார்கள். ஒரு வருஷம் கழித்துத் தெற்கே வந்து, வசதியான ஸ்கீ கிளப்புகளின் பெண்களைத் தோற்கடிக்க ஆரம்பித்தார்கள்.

1972 பிப்ரவரியில் ஜப்பானின் சப்போரோவில் ஒலிம்பிக். கனடாவின் கிராஸ் கன்ட்ரி அணியில் ஷரன், ஷர்லி, ரோஸன் ஆலன் என்று பெண்கள் மூன்று பேர் இனுவிக் திட்டத்திலிருந்து. ஆண்களில் ஃப்ரெட் கெல்லி, ரோஜர் ஆலன். திட்டம் ஆரம்பித்து ஐந்தே வருஷம்! அப்போது இரட்டையருக்கு 18 வயசு. கனடா சார்பில் குளிர்கால ஒலிம்பிக் போன முதல் பழங்குடிப் பெண்களில் இவர்கள் உண்டு. சப்போரோவில் பெண்களுக்கான மூன்று தங்கத்தையும் சோவியத் யூனியனின் கலினா குலகோவாவும் அவர் அணியும் அள்ளிக்கொண்டு போனார்கள். நம்மாட்கள் பதக்கம் பக்கத்தில் வரவில்லை. (பார்த்தீங்களா, 'நம்மாட்கள்' என்று வந்துவிட்டது. திருத்தப் போவதில்லை.)

அதன்பிறகு 1976 இன்ஸ்ப்ரூக், 1980 லேக் பிளாசிட், 1984 சரயேவோ. நான்கு ஒலிம்பிக். 17 வருஷம் தொடர்ந்து தேசிய அணியில். தேசியப் போட்டிகளில் இரண்டு பேருக்கும் சேர்த்து 79 பதக்கம், அதில் 48 பட்டங்கள். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசி வரை இல்லை. அதனாலேயோ என்னவோ, கூடப் படிக்கும் கனடியர்கள் பத்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் இந்தப் பேர் தெரியவில்லை. ஹாக்கி வீரர் பேர் கேட்டால் தாத்தா காலத்து கோல்கீப்பர் வரை ஒப்பிக்கிறார்கள்!

ஒலிம்பிக் பதக்கம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, சோவியத் யூனியனில் ஒவ்வொரு ஊரிலும் கிளப். வாராவாரம் பந்தயம், பத்து வயதிலிருந்தே. கனடாவில் ஒரு தேசிய அணி வீரருக்குத் தகுந்த எதிராளி வேண்டுமென்றால் கடல் தாண்டணும். மெழுகு, பட்டை, மருத்துவம் எல்லாவற்றிலும் அவர்கள் முன்னால். இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு பேர் 17 வருஷம் நின்றிருக்கிறார்கள். எனக்கு அந்த 17தான் பெரிய எண்ணாகத் தெரிகிறது.

சரி, பரிசோதனை ஜெயித்ததா தோற்றதா? இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, பாருங்கள், நல்ல மனிதர் ஒருவர் வந்தார், விளையாட்டைக் கொடுத்தார், பிள்ளைகள் உலகைப் பார்த்தார்கள் என்று சொல்லும். இன்னொரு கட்சி, விடுதிப்பள்ளியின் அழுக்கை மறைக்க மாட்டிய பளபளப்பான போஸ்டர் இது, பிள்ளைகளை ஒருமைப்படுத்துவதற்கு இன்னொரு கருவி என்று சொல்லும். விளையாட்டு வரலாறு எழுதுகிற ஆய்வாளர்கள் இரண்டாவது பக்கத்தைத் தீவிரமாகவே பேசுகிறார்கள், அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. யாருடைய பணம், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் பதில் தெளிவு.

ஆனாலும் எனக்கு இரண்டாவது கட்சியில் முழுசாகச் சேர மனசு வரவில்லை. காரணம், அப்படிச் சேர்ந்தால் பிள்ளைகள் வெறும் பொருளாகிவிடுகிறார்கள். அரசாங்கம் செய்தது, பாதிரியார் செய்தார், பயிற்சியாளர் செய்தார், ஷரன் என்ன செய்தார்? மைனஸ் 35-ல், வெளிச்சமில்லாத மத்தியானத்தில், யாரும் பார்க்காத பாதையில் இன்னொரு சுற்று ஓடுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது அந்தப் பெண்தான். கருவியை யார் செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. அதைக் கையில் எடுத்தவர் என்ன செய்தார் என்பது வேறு கேள்வி. முதல் கட்சிக்காரர்களோ விடுதியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதுவும் ஆகாது. இது பற்றி உங்க கருத்து வேறாக இருந்தால் எழுதுங்க, சண்டை போடுவோம் :-)

இரட்டையர் 1985-ல் ஓய்வு பெற்றார்கள். 1987-ல் இருவருக்கும் ஆர்டர் ஆஃப் கனடா விருது. ஷர்லி ஸ்வீடன்காரரான யான் லார்சனை மணந்துகொண்டு ஐரோப்பாவில் பல காலம் வாழ்ந்துவிட்டு வடக்கே திரும்பினார். 2013 ஏப்ரல் 30-ந் தேதி யெல்லோநைஃபில் புற்றுநோயால் இறந்துபோனார். 59 வயசு. 2015-ல் கனடா விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டபோது ஷரன் மட்டும்தான் இருந்தார். அதே 2015-ல்தான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் இறுதி அறிக்கையும் வந்தது. அதன் 87-வது பரிந்துரை, பழங்குடி விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மக்களுக்குச் சொல்லுங்கள் என்கிறது. ஷர்லி கடைசியாகப் பந்தயத்தில் ஓடி முப்பது வருஷம் கழித்து.

ஆங்கஸ் காக்னியைச் சொன்னேன் இல்லையா? அவர் 1989-ல் ஒரு சர்வதேசக் குழுவோடு ஸ்கீயிலேயே வட துருவம் வரை போனார். பின்னால் சிற்பியானார், குடும்பத்தோடு கான்மோரில் குடியேறினார். அவர் மகன் ஜெஸி காக்னி கான்மோர் பாதைகளில் வளர்ந்து, 2014 சோச்சியிலும் 2018 பியோங்சாங்கிலும் கனடாவுக்காக ஓடினார். அப்பாவுக்கு ஏழு மாசம் இயற்கைப் பனி, ஆனால் பந்தயத்துக்கு 2,000 கிலோமீட்டர் பறக்கணும். மகனுக்கு வீட்டு வாசலில் ஒலிம்பிக் பாதை, ஆனால் அக்டோபரில் மரத்தூளுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த பனி.

நண்பனிடம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவன், "மைனஸ் 35-க்கு என்ன மெழுகு போட்டாங்களாம்?" என்று கேட்டான். பயிற்சியாளன் புத்தி! அடுத்த பதிவு மெழுகு பற்றித்தான், அவனிடமே கேட்டு எழுதறேன்.